ஆயிஷா வீட்டு மஞ்சள் தாள்

கார்த்தி, எய்யா,

இந்தக் கடிதத்தை நீயாக வாசிக்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உன்னை இந்தி மீடியத்தில் சேர்த்தது நாங்கள். தமிழ் எழுத்து உனக்குக் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் வரும். கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் வந்தபோதுகூட நீ அதைப் போட்டோ எடுத்துத் தென்காசிக்கு, நீ கட்டப்போகிற மகேஸ்வரிக்குத்தான் அனுப்பினாய். உன் தாத்தா பெயரில் இருந்த பிழையை அவள்தான் திருத்தினாள். இதையும் அப்படியே அனுப்புவாய். அவள் போனில் வாசிப்பாள், நீ கேட்பாய். நேரில் சொல்லியிருந்தால் நீ மட்டும்தான் கேட்டிருப்பாய். அவளும் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு சொன்னால் அது சொன்னதாகாது, ஏமாற்றியதாகத்தான் ஆகும். நான் ஏற்கெனவே ஒருத்தியை ஏமாற்றியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பிறந்தபோது தாராவியில் நம் பட்டிக்கு, அந்த உருக்கு உலைக்கு, மேலேயே பலகை அடித்து, தகரம் போட்டுக் குடியிருந்தோம். கீழே உன் அப்பா பழைய உலோகத்தை உருக்கிக் கடாய் வார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் இறக்கை, பெயின்ட் ஒட்டிய ஜன்னல் சட்டம், கார் உடைசல், என்னவென்றே தெரியாத தகடுகள், எது கிடைத்ததோ அதெல்லாம் உலைக்குள் போகும். அலுமினியத்தோடு வேறு என்னென்ன உருகுகிறது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பலகை இடுக்கு வழியாகப் புகை மேலே வரும். நீ தவழ ஆரம்பித்ததே அந்தச் சாம்பலில்தான். விரலைச் சப்பிக்கொண்டு கறுத்த வாயோடு வருவாய், நான் முந்தானையால் துடைத்துவிட்டுச் சிரிப்பேன். மூன்று வயதில் வயிற்றுவலி என்று உருண்டாய். டாக்டர் பூச்சிமருந்து கொடுத்தார். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று டானிக் கொடுத்தார். நாலாம் வகுப்பில் உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை ரொம்ப ஸ்லோ என்றாள்.

அன்று சாயங்காலம் நான் உன்னை உட்காரவைத்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். ஏழு நாலுக்கு வந்ததும் நின்றுவிட்டாய். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன், மறுபடி அங்கேயே நின்றாய். தோசைக்கரண்டியால் உன் மணிக்கட்டில் அடித்தேன். நீ அழவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள இருக்கும்மா, வெளிய வர மாட்டேங்குது" என்றாய். அதற்கும் அடித்தேன். படிக்க மனதில்லாமல் நடிக்கிறாய் என்று நினைத்தேன். ஒன்பதாவதோடு நீ பள்ளிக்கூடத்தை விட்டபோது உன் அப்பா, போகட்டும், நம்ம தொழில் இருக்கு என்று உன்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தொண்டு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த மஞ்சள் தாளைப் பார்த்து நீயும் உன் கூட்டாளிகளும், அம்மா லாட்டரி விற்கிறாள் என்று சிரித்தீர்கள். சுண்டுவிரல் நீளத் தாள். ஒரு டீ குடிக்கிற காசுகூட ஆகாது. புளித்த வாடை அடிக்கும் ஒரு தண்ணீரைச் சொட்டுவிட்டு, பாத்திரத்திலோ தரையிலோ சுவரிலோ தேய்த்து, கொஞ்சநேரம் வைத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் பிழைத்தோம். ஈயம் இருந்தால் தாள் ரோஜா நிறமாகும், நிறைய இருந்தால் ரத்தச் சிவப்பாகும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது வசந்தி மேடம், மாட்டுங்காவில் வசதியாக இருப்பவர். ஈயம் என்றதும் எங்களில் ஒருத்தி, "ஈயச் சொம்புல ரசம் வச்சா நல்லதுன்னுதானே சொல்வாங்க?" என்று கேட்டாள். "அது வெள்ளீயம், இது காரீயம். பேர்தான் ஒண்ணு, இது விஷம்" என்று மேடம் விளக்கினார். பிறகு அந்த விஷம் குழந்தைகளை என்ன செய்யும் என்று வரிசையாகச் சொன்னார். வயிற்றுவலி, ரத்தசோகை, படிப்பு ஏறாது, ஞாபகம் நிற்காது, பொசுக்கென்று கோபம் வரும். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. யாரோ உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. முடிந்ததும் மேடத்தைத் தனியாகப் பிடித்து, பெரியவனாகிவிட்ட பிள்ளைக்கு இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

ஒவ்வொரு வீடாகப் போனேன். தாள் நிறம் மாறும், அதைப் படிவத்தில் ஒட்டி வீட்டு நம்பர் எழுத வேண்டும். சிவப்பு வந்த வீட்டுக் குழந்தைகளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. அதற்கு அப்புறம் என்ன என்பதற்கு யாரிடமும் விடை கிடையாது. ஒரு வீட்டில் கடாய் சிவந்தது, தரை சிவந்தது, பிள்ளை கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் வண்டியும் சிவந்தது. அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீ பாட்டுக்கு வந்து சிவப்பு சிவப்புன்னு சொல்லிட்டுப் போயிருவ. நான் எதுல சோறு பொங்க? பிள்ளைய எங்க கொண்டுபோய் உக்கார வைக்க?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு படிவத்தை நிரப்பினேன். அதே வாரம் வசந்தி மேடம் தன் வீட்டு ஈயச் சொம்பைச் சோதித்துப் பார்த்தாராம், கலப்பட ஈயம், தாள் சிவந்துவிட்டதாம். அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டு வேறு பாத்திரத்தில் ரசம் வைத்தாராம். அவர் பெருமைக்குச் சொல்லவில்லை. மாட்டுங்காவில் அது ஒரு சொம்பு, நமக்கு அது வீடு என்பது எனக்குத்தான் உறைத்தது.

கடைசியாக நம் சந்துக்கு வந்தேன். முதலில் நம் வீட்டைச் சோதித்தேன். தாளைத் தரையில் வைத்த சுருக்கில் சிவந்தது. அதைக் கொண்டுபோய் உன் அப்பாவிடம் காட்டினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவர் பட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னட்டி இது?"

"ஈயம்ங்க. நம்ம சாம்பல்ல இருக்கு. எதிர்த்த வீடு வரைக்கும் போயிருக்கும்."

"இந்தத் தாளு ஆபீஸுக்குப் போனா யாரு வருவா?"

"முனிசிபாலிட்டிக்கு எழுதுவாங்கன்னு சொல்லுதாவ."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வந்து பூட்டிட்டுப் போவான். வேல செய்யுத எட்டுப் பேரு எங்கயாச்சும் பிழைச்சுக்கிடுவான். நம்ம பய எங்க போவான்? அவனுக்கு வேற என்னட்டி வரும், நீயே சொல்லு" என்றார். நீ அந்தப் பக்கம் அச்சில் மண் இடித்துக்கொண்டிருந்தாய். நான் உன் முதுகைப் பார்த்தேன். எந்த விஷம் உன்னை வேறொன்றுக்கும் ஆகாதவனாக ஆக்கியதோ, அதே உலையை உனக்காகவே காப்பாற்ற வேண்டியிருந்தது. இதற்கு உன்மேல் பழி இல்லை. உன்னை முன்னிட்டுச் செய்தேன், ஆனால் செய்தவள் நான்.

மறுநாள் எதிர்வீட்டு ஆயிஷாவிடம் போனேன். அவர்களும் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்தான். நமக்கு அடுப்பு இல்லாத நாளில் அவள் அடுப்பிலும், அவளுக்கு இல்லாத நாளில் நம் அடுப்பிலும் சமைத்திருக்கிறோம். அவள் மகள் ரிஸ்வானாவுக்கு அப்போது மூன்று வயது. வாசற்படியில் உட்கார்ந்து சட்டிபானை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஆயிஷா உள்ளே டீ போடப் போனாள். நான் தாளை அந்த வாசற்படியில் தேய்த்தேன். பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. அது ஒரு நிமிஷத்துக்குள் செம்பருத்திப்பூ மாதிரி சிவந்தது. நான் அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து, எதிலும் தேய்க்காமல், அந்தத் தண்ணீரை மட்டும் விட்டு, மஞ்சளாகவே படிவத்தில் ஒட்டி அவள் வீட்டு நம்பரை எழுதினேன். நம் வீட்டுக்கும் அப்படித்தான் ஒட்டியிருந்தேன். ஆயிஷா டீயோடு வந்து, "என்னக்கா, நம்ம வீடு எப்படி?" என்று கேட்டாள்.

"மஞ்சளாத்தான் இருக்கு, ஆயிஷா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். அந்த டீயை நான் குடித்தேன்.

படிவத்தில் மஞ்சள் என்று இருந்ததால் ரிஸ்வானாவை ரத்தப் பரிசோதனைக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒரு வருஷத்தில் அந்தத் திட்டமே முடிந்து ஆபீஸைப் பூட்டினார்கள். முனிசிபாலிட்டிக்கு எழுதினார்களா, எழுதியும் யாரும் வரவில்லையா என்பது தெரியாது. நம் சந்துக்குள் அதைப் பற்றிக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் பட்டி எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். பொய் சொன்னதற்கு அந்த லாபம்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ரிஸ்வானா பள்ளிக்கூடத்தில் விழுந்தாள். கையும் காலும் இழுத்துக்கொண்டது. ஆயிஷாவின் புருஷன் வெளியூரில் இருந்ததால் நான்தான் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருக்கிறது என்றார் அந்த இளவயது டாக்டர். வீட்டுப் பக்கத்தில் என்ன வேலை நடக்கிறது, எதையாவது உருக்குகிறார்களா என்று இந்தியில் கேட்டார். ஆயிஷா என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்ட சோதிச்சாச்சு டாக்டர் சாப். ஒண்ணும் இல்லன்னு இந்த அக்காதான் பாத்துச் சொன்னாங்க" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அவர் காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு, அப்படியானால் தண்ணீரையும் மசாலாப் பொடியையும் பார்க்கச் சொன்னார்.

மகேஸ்வரி, வாசித்துக்கொண்டு வரும் நீ இந்த இடத்தில் நிறுத்துவாய் என்று நினைக்கிறேன். நிறுத்திக்கொள், அம்மா. பிறகு மிச்சத்தையும் வாசி.

மருந்து கொடுத்தார்கள், வலிப்பு நின்றது. ஆனால் போனது திரும்பவில்லை. நம் சந்து வீடுகளை இடிக்கக் குறித்தபோது அவர்கள் சுனாபட்டிக்குப் போய்விட்டார்கள். போன வாரம் உன் பத்திரிகையைக் கொடுக்க நான் மட்டும் போனது இதை அவளிடம் சொல்லத்தான். உன்னை வரவேண்டாம் என்றதற்கு நீ கோபித்துக்கொண்டாய். பத்திரிகையை அவள் கையில் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆயிஷா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. "அன்னிக்கு நான் டீ போட்டுக் குடுத்தேனேக்கா" என்றாள்.

"ஆமா."

"ரெண்டு வருஷம்க்கா. அந்த ரெண்டு வருஷமும் அவ அந்த வாசல்லதானே கெடந்தா."

அப்போது என் புத்தி போன போக்கைக் கேள். சொல்லியிருந்தால் மட்டும் எங்கே போயிருப்பாய் என்று கேட்க நாக்கு துடித்தது. அதை என் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுகொண்டாளோ என்னவோ. "போயிருப்பமா மாட்டமான்னு எனக்குத் தெரியாது. போக்கிடம் இல்லன்னு அங்கயே கெடந்திருப்போம். ஆனா அது நாங்க முடிவு பண்ண வேண்டியது. நீங்க இல்ல" என்றாள். பத்திரிகையைத் திருப்பித் தரவில்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. தரையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். "இனிமே வராதீகக்கா" என்றாள். ரிஸ்வானாவுக்குப் பதினொரு வயது. யார் வந்தாலும் ரோடு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவது அவளுக்கு வழக்கமாம். என்னையும் கூட்டிவந்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, "ஆன்ட்டி, மறுபடி, எப்ப, வருவீங்க?" என்று கேட்டாள். ஹார்பர் லைன் ரயில் கேட் மூடியிருந்தது. திறக்கிற வரைக்கும் என் கையை விடாமல் நின்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ என்னை அம்பர்நாத்துக்குக் கூட்டிப்போனாய். பழைய ஷெட்டை எடுத்துப் பட்டி போட்டு மூன்று மாதமாக ஓட்டுகிறாய். அதன்மேல் ஓர் அறை கட்டி, இளம்பச்சை பெயின்ட் அடித்து, புதுக் கட்டிலின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாய். "மேல வீடு, கீழ வேல. ட்ரெயின் டென்ஷனே கிடையாது" என்றாய். என் மணிபர்ஸில் பழைய தாள்கள் கொஞ்சம், அந்தத் தண்ணீர்க் குப்பியோடு கிடந்தன. நாள்பட்டவைதான். ஆனாலும் ஜன்னல் கட்டையில் ஒன்றைத் தேய்த்தேன். மெதுவாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சிவந்தது. நீ எட்டிப் பார்த்தாய்.

"என்னம்மா, மறுபடி உன் லாட்டரியா?"

"சிவந்துட்டுய்யா. அந்தப் பிள்ளை இங்க வந்து இருக்கப் போறா."

"தொடச்சிரலாம்மா" என்று ஈரத்துணியை எடுத்துக் கட்டையை அழுத்தித் துடைத்தாய். "இப்போ பாரு." பார்த்தேன். இன்னொரு தாளைத் தேய்த்தேன், மஞ்சளாகவே இருந்தது. "பாத்தியா? ஏக்தம் சாஃப். பளிச்சுன்னு ஆயிட்டு."

"நாளைக்குப் பட்டி பத்தவச்சா?"

"நாளைக்கும் தொடைப்போம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில், "அம்மா, நான் இதுக்குள்ளயே பொறந்து வளந்தவன். நான் நல்லாத்தான இருக்கேன்?" என்று கேட்டாய்.

கீழே வண்டி வந்திருக்கிறது பார் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். வண்டி ஏதும் வரவில்லை.

இப்போது சொல்கிறேன். நீ நல்லா இல்லைய்யா. இருபத்தாறு வயதில் உன் கை கரண்டியை நழுவவிடுகிறது. தலைவலி என்று வாரத்தில் பாதி நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு படுக்கிறாய். கோபம் வந்தால் சுவரைக் குத்துகிறாய், அடங்கியதும் எதற்குக் குத்தினோம் என்று தெரியாமல் முழிக்கிறாய். உனக்கு மூளை மட்டு என்று நீயே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாய். அப்படிச் சொல்லாதே. நீ மந்தமாகப் பிறக்கவில்லை. பிறந்தபோது உன் கண்ணில் இருந்த சூட்டிகையை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஈயத்தால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆனால் நான் உன் தாய், எனக்குத் தெரியும். அதை உனக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்.

உன் அப்பா கை நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார். இதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும், "கல்யாணம் முடியட்டும்ட்டி" என்று மட்டும் சொன்னார். அந்த விஷம் எலும்புக்குள் போய்த் தங்கிவிடும், பெண் உண்டாகும்போது அங்கிருந்து கிளம்பி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் என்று வசந்தி மேடம் சொல்லியிருக்கிறார். மகேஸ்வரியின் எலும்பில் நம் புகை இன்னும் ஏறவில்லை. அவள் வருவதும் வராததும், வந்தால் எங்கே இருப்பது என்பதும் அவள் முடிவு. நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன். இனி அவளுக்காக நான் எதையும் மஞ்சளாக எழுதிக் கொடுக்க மாட்டேன்.

உனக்குச் சொல்ல வேண்டியது, பட்டியை விடு என்பதுதான். விட்டால் என்ன செய்வாய் என்று உன் அப்பா அன்று கேட்டதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. அதனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம் பாரேன் என்று கேட்கலாம். உன்னால் இப்போது முடியாது, அதுவும் தெரியும். ரத்தத்தைச் சோதித்துப் பார் என்றால் பார்க்கிறேன் என்பாய், பார்க்க மாட்டாய். வேலை முடிந்ததும் கீழேயே குளித்து, அந்தத் துணியைக் கீழேயே போட்டுவிட்டு மேலே ஏறு என்றால் நாலு நாள் செய்வாய். நீ அந்த அறையில்தான் இருப்பாய். அவளும் அநேகமாக அங்கேதான் வருவாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பார்த்தேன், துணி காயப்போட நீ ஒரு கயிறு கட்டியிருந்தாய், பட்டிக்கு நேர் மேலே. அதை அவிழ்த்துப் பின்பக்கம் கட்டு. பிள்ளைத்துணி அங்கே காயட்டும். இந்த ஒன்றையாவது செய்.

அம்மா